கொடிகாமத்து மேடையில் மார்க்கண்டு விழுந்த நாள்

பிடிகளை என்னிடம் கேட்டு வராதீர்கள், தம்பிமாரே. கழுத்துப் பிடி, இடுப்புப் பிடி எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரிகிறது. போன கிழமை பட்டணத்தில் நீங்கள் மேடையேறியதைப் பார்த்தேன். ஒருவரை ஒருவர் நன்றாகத்தான் தூக்கிப் போடுகிறீர்கள். ஆனால் போட்ட கையோடு சனத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறீர்களே தவிர, விழுந்தவன் எப்படிக் கிடக்கிறான் என்று ஒருத்தனும் திரும்பிப் பார்க்கிறதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் உங்களை வரச் சொன்னேன். தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். சந்தோசமான கதை கேட்கலாம் என்று வந்தவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம், நான் குறை நினைக்கமாட்டேன்.

என்னைக் கொக்குவில் கரடி என்றுதான் சனத்துக்குத் தெரியும். செல்லையா என்ற பேர் என் வீட்டாருக்கும் தபால்காரருக்கும் மட்டும்தான். சின்ன வயதில் மூக்கு உடைந்து ஒரு பக்கமாய்ப் போனது. உடம்பும் பெரிது, நிறமும் கறுப்பு. இந்த முகத்தை வைத்துக்கொண்டு மேடையில் நல்லவனாக நிற்க எந்தக் கொட்டகை முதலாளி விடுவான்? நான் கெட்டவன். மண்ணை அள்ளிக் கண்ணில் போடுவேன், நடுவர் பார்க்காத நேரம் விரலை முறுக்குவேன், கடைசியில் தோற்பேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நான் தோற்காத ஊர் கிடையாது.

எனக்கு எதிரே நின்று வெல்கிறவன் மார்க்கண்டு. கொடிகாமத்தான், தோட்டக்காரக் குடும்பம். பார்க்க இராசகுமாரன் மாதிரி இருப்பான். சும்மா சொல்லக்கூடாது, அவன் மேடையில் ஏறிக் கும்பிட்டால் பெண்சனங்கள் பெருமூச்சு விடுகிறது எனக்கே கேட்கும். உண்மையாகப் பிடித்தால் ஒரு வெற்றிலை போட்டு முடிக்குமுன் நான் அவனைச் சாய்த்துவிடுவேன். அது அவனுக்கும் தெரியும். இறங்கி வந்த பிறகு, “நோகேல்லையோ அண்ணை?” என்று என் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவன் அவன்தான்.

எல்லாம் பேசி வைத்துத்தான் நடந்தது. இப்போதும் அப்படித்தானே, ஏன் ஒருவரை ஒருவர் பார்க்கிறீர்கள்? ஆனால் அந்தக் காலத்தில் சனம் முழுசாக நம்பியது. பேசி வைத்ததைப் பெண்சாதிக்குக்கூடச் சொல்லக்கூடாது என்பது எங்களுக்குள் இருந்த சத்தியம். ஒரே பஸ்ஸில் நானும் மார்க்கண்டுவும் ஏறமாட்டோம். ஒரே கடையில் சாப்பிடமாட்டோம். என்னுடைய கலியாணத்துக்கு அவன் வரவில்லை. மறுநாள் நான் வாழை இலையில் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்த சாப்பாட்டைக் கொட்டகைக்குப் பின்னால் நின்று சாப்பிட்டான்.

மேடையில் வாய் திறந்து கதைக்க முடியாது. அதனால் கையால் கதைப்போம். இந்தியாவில் இருந்து வந்த ஒரு பயில்வான் பழக்கிவிட்ட வித்தை அது. ஒரு பிடி மாறும்போதெல்லாம் மற்றவன் மணிக்கட்டை மெல்ல அமத்த வேண்டும். அவன் திருப்பி அமத்தினால் சுகமாக இருக்கிறான். அமத்தாவிட்டால் அடுத்த பிடிக்குப் போகக்கூடாது. ஒருமுறை பருத்தித்துறையில் மார்க்கண்டுவுக்குத் தோள் மூட்டு நழுவியது. நான் அமத்தினேன், பதில் இல்லை. உடனே கால் தடுக்கினவன் மாதிரி நானே மல்லாக்க விழுந்து ஆட்டத்தை முடித்துக் கொடுத்தேன். சனம் கை தட்டியதே தவிர, ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எங்கள் மேடை பனங்குற்றிகளின் மேல் பலகை அடுக்கி, அதன்மேல் வைக்கோல் பரப்பி, படங்குச் சீலையை இழுத்துக் கட்டியது. ஆட்டத்துக்கு முன்னால் அவனவன் தான் விழப்போகிற பக்கத்தை வெறுங்காலால் மிதித்துப் பார்ப்பான். எங்கே வைக்கோல் விலகியிருக்கிறது, எங்கே பலகை துருத்துகிறது என்பது காலுக்குத்தான் தெரியும். மற்றவன் மிதித்துப் பார்த்தது கணக்கில் வராது. விழுகிறவன் மிதிக்க வேண்டும்.

மார்க்கண்டுவுக்கு ஒரு குறை இருந்தது. பயில்வானாகப் போனதை அவனுடைய தகப்பனார் விரும்பவில்லை. புகையிலைத் தோட்டத்தை விட்டுவிட்டு ஊர் ஊராய்த் திரிகிறான் என்று கோபம். எந்த ஊரிலும் மகனுடைய ஆட்டத்தைப் பார்க்க அவர் வந்ததில்லை. மார்க்கண்டு வென்ற செய்தியைச் சந்தையில் யாரும் சொன்னால், “ஓமோ?” என்று கேட்டுவிட்டு வியாபாரத்தைப் பார்ப்பாராம்.

“அப்பு ஒருக்கா வந்து பாக்கவேணும் அண்ணை,” என்று இவன் என்னிடம் அடிக்கடி சொல்வான். “நான் காவாலி இல்லை எண்டு அவர் தன்ரை கண்ணாலை பாக்கவேணும். அது காணும் எனக்கு. பிறகு தோட்டத்துக்கே போயிடுவன்.”

அதற்காகத்தான் கொடிகாமத்தில் கொட்டகை போட முதலாளியிடம் கெஞ்சிக் கேட்டான். யுத்தம் தொடங்குமுன் ஒரு வைகாசியில் அது நடந்தது. சந்தை கலைந்த பிறகு, பின்னேரம். தேங்காய்க்காரர், பலாப்பழம் விற்க வந்தவர்கள், வண்டிக்காரர் என்று ஊர் முழுக்க அங்கேதான் நின்றது. மார்க்கண்டுவின் தகப்பனாரும் வந்தார். மெலிந்த மனிதர். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, போட்ட கதிரையில் இருக்காமல் முன்னால் நின்றார். அவரைக் கண்டதும் மார்க்கண்டுவின் முகம் பூரித்ததை நான் மறைப்புக்குப் பின்னால் நின்று பார்த்தேன். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

ஊர்ப் பொடியள் மார்க்கண்டுவுக்கு மாலை போட்டுத் தோளில் தூக்கி, சந்தையைச் சுற்றிக்கொண்டு வந்து நேரே மேடையில் இறக்கினார்கள். மாலையோடு நிற்கிறவன், தகப்பன் பார்த்துக்கொண்டிருக்க, பலகையைக் காலால் தட்டித் தடவிப் பார்ப்பானா? வெட்கப்பட்டுவிட்டான். மிதித்துப் பார்க்கவில்லை. நான் என் பக்கத்தை மிதித்துப் பார்த்திருந்தேன். தம்பிமாரே, உங்களை யாராவது தோளில் தூக்கிக்கொண்டு வந்தால் முதலில் இறங்குங்கள். எவ்வளவு பெரிய மாலையாக இருந்தாலும் கழற்றி வைத்துவிட்டு மேடையை மிதித்துப் பாருங்கள்.

ஆட்டம் தொடங்கி எல்லாம் பேசியபடி போனது. என்னை இரண்டுமுறை அவன் பிரட்டினான். சனம் துள்ளியது. அடுத்தது அவனுடைய பேர்போன வித்தை. நான் அவனைத் தலைக்குமேல் தூக்கி எறிவேன். அவன் செத்த பிணம் மாதிரிக் கிடப்பான். நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு சனத்தைப் பார்த்துக் கத்துவேன். சனம் அவனுடைய பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, முதலில் ஒரு விரல் அசையும், பிறகு ஒரு கை, பிறகு எழும்பி வந்து என்னை அடித்து விழுத்துவான். அதைப் பார்க்கத்தான் சனம் வருகிறது.

தூக்கினேன், எறிந்தேன். தோளால் உருண்டு விழ வேண்டியவன் நேரே கழுத்தால் விழுந்தான். அவன் விழுந்த இடத்தில் வைக்கோல் முழுக்க விலகி, துருத்திக்கொண்டிருந்த வெறும் பலகையில் தோள் தடுக்கியிருக்கிறது. அது பிறகு படங்கைக் கிழித்தபோதுதான் தெரிந்தது. அந்த நேரம் நான் ஒன்றும் அறியாமல் நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினேன். சனம் “மார்க்கண்டு! மார்க்கண்டு!” என்று கூப்பிட்டது. நான் திரும்பினேன். விரல் அசையவில்லை.

குனிந்து, மிரட்டுகிறவன் மாதிரி அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து அமத்தினேன். பதில் இல்லை. இன்னும் ஒருமுறை அமத்தினேன். முகத்தைக் கிட்டக் கொண்டுபோனேன்.

கண் திறந்திருந்தது. உதட்டை அசைக்காமல் கதைத்தான். “அண்ணை, கையும் காலும் எங்கை கிடக்குதெண்டு தெரியேல்லை.”

“கதைக்காதை. அசையாதை.”

“அப்பு பாத்துக்கொண்டு நிக்கிறார். என்னைத் தூக்கி நிப்பாட்டுங்கோ. நான் உங்களிலை சாயிறன். நீங்கள் விழுங்கோ. அது காணும்.”

“ஏலாது மார்க்கண்டு. கழுத்து.”

“ஏலும். தூக்குங்கோ அண்ணை. சொல்லிப்போடாதேங்கோ.”

நடுவர் பக்கத்தில் குனிந்தார். அவரும் எங்கள் ஆள்தான். என் காதுக்குள், “இண்டைக்கு வலு திறமாச் செய்யிறான், என்ன?” என்று சொல்லிக் கண்ணடித்தார். பாருங்கள், எங்கள் தொழிலின் சாபத்தை. செத்தவன் மாதிரிக் கிடக்கிறதைப் பழகிப் பழகி, உண்மையாகவே சாகக் கிடக்கிறவனைப் பார்த்து எங்கள் ஆளே கண்ணடிக்கிறான்.

மேடையில் ஒரு முடிவு எடுக்கக் கிடைக்கிற நேரம் மூக்குச் சிந்துகிற நேரம்தான். கழுத்து முறிந்தவனைத் தூக்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பனையால் விழுந்த சித்தப்பாவை ஆட்கள் தூக்கி இருத்தியதும் உயிர் போனதைக் கண்ணால் கண்டவன் நான். ஆனால் தூக்கச் சொல்கிறவன் அவன். அவனுடைய கழுத்து, அவனுடைய தகப்பன், அவன் ஆசைப்பட்ட நாள். நான் யார் மறுக்க? இதைத்தான் அப்போது யோசித்தேன். யோசித்துவிட்டு, தூக்குவதில்லை என்று முடிவு எடுத்தேன்.

எழும்பி நின்று கத்தினேன். “ஆட்டம் முடிஞ்சுது! ஆள் உண்மையா அடிபட்டிட்டான்! டாக்குத்தரைக் கூப்பிடுங்கோ!”

சனம் கூக்காட்டியது. கரடி புது வித்தை காட்டுகிறான் என்று நினைத்தார்கள். ஒரு தென்னங்குரும்பட்டி வந்து என் நெற்றியில் பட்டது. பிறகு கல். மாலை போட்ட பொடியள் ஆறேழு பேர் மேடையில் பாய்ந்து ஏறினார்கள். “எழும்பு மார்க்கண்டு! நாங்கள் நிக்கிறம்!” என்று அவனுடைய இரண்டு கையையும் பிடித்துவிட்டார்கள். தங்களுடைய வீரனைத் தூக்கி நிறுத்த வந்திருக்கிறார்கள், பாவங்கள்.

நான் அவனுக்குக் குறுக்கே காலை அகட்டி நின்று, பிடித்தவர்களைத் தள்ளிவிட்டேன். ஒருவன் கையில் இருந்த தடியால் என் முதுகில் போட்டான். எத்தனை பேரை நான் தள்ளுவது? கெட்டவனுடைய சொல்லை யார் கேட்பான்? நான் அவனுடைய எதிரி இல்லை என்று அவர்கள் நம்பினால்தான் கையை எடுப்பார்கள். அதை நம்பவைக்க ஒரு வழிதான் இருந்தது.

“அவன் என்ரை கூட்டாளியடா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். “எல்லாம் பேசி வைச்சுத்தான் பிடிக்கிறது! அவன் வெல்லுறதும் நான் தோக்கிறதும் பேசி வைச்சதுதான்! இது மட்டும் பேசினது இல்லை! கழுத்து முறிஞ்சு கிடக்கிறான், தொடாதேங்கோடா!”

கீழே பார்த்தேன். மார்க்கண்டு என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தான். அந்தப் பார்வையை நான் எப்படிச் சொல்ல? அப்படியே கண் மேலே செருகி மயங்கிப் போனான்.

கொட்டகை அடங்கிப் போனது. ஆனாலும் பிடித்த பொடியள் பிடித்தபடிதான் நின்றார்கள். “பொய் சொல்லுறாய்!” என்றான் ஒருவன், அழுகிற குரலில். அப்போதுதான் தகப்பனார் மேடையில் ஏறி வந்தார். மகனுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து, அந்தப் பொடியளின் கைகளை ஒவ்வொன்றாக விலக்கினார். சத்தம் போடவில்லை. எனக்கும் அவர்களுக்கும் மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“உவர் சொல்லுறது உண்மை. என்ரை பொடியனுக்கு உவ்வளவு பலம் இல்லையெண்டு எனக்கு எப்பவோ தெரியும். புகையிலைச் சிப்பத்தைத் தூக்க மூச்சு வாங்கிறவன், உந்த மலையை எங்கை பிரட்டப் போறான்? நல்ல பொடியன். தூக்காதேங்கோ ராசா.”

சந்தைக் கடை ஒன்றின் கதவுப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து, அசையாமல் அதில் கிடத்தி, லொறியில் பட்டணத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். தூக்கி நிறுத்தியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும் என்று டாக்குத்தர் சொன்னார். உயிர் தப்பியது. இடது கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. வலது கையும் கால்களும் கடைசிவரை விளங்கவில்லை.

தொழில் அதோடு படுத்துவிட்டது. சந்தைக்கு வந்த சனம் மூலம் கதை குடாநாடு முழுக்கப் போனது. மேடையில் ஏறினாலே “பேசி வைச்சாச்சோ?” என்று கேட்டுச் சிரித்தார்கள். கூடப் பிடித்தவர்கள் என்னைக் கண்டால் மறுபக்கம் போனார்கள். “வாயாலை கெட்டாய், எங்களையும் கெடுத்தாய்,” என்று முதலாளி முகத்துக்கு நேரே சொன்னார். அதெல்லாம் போகட்டும். மார்க்கண்டுவுக்குக் கொடிகாமம் பட்டப்பேர் வைத்தது: கூத்து மார்க்கண்டன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவனுடைய பெண்சாதி பகலில் ஊர்க் கிணற்றடிக்குப் போகிறதை விட்டுவிட்டாள்.

நான் அவனைப் பார்க்கப் போவேன். வாசல் படலையடியில் தகப்பனார் வருவார். “அவன் பாக்கமாட்டானாம் தம்பி,” என்பார். என்னை வேம்புக்குக் கீழே இருத்தி மோர் தருவார். மகனைக் குளிப்பாட்டுகிறது, சோறு தீத்துகிறது எல்லாம் அந்தக் கிழவர்தான். தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்.

ஒருநாள் நான் எழும்பும்போது என் கையைப் பிடித்தார். “தம்பி, நான் அண்டைக்கு மேடையிலை சொன்னதை அவனுக்குச் சொல்லிப்போடாதை. அந்தப் பொடியளிட்டையும் சத்தியம் வாங்கிப்போட்டன். அப்பு நம்பினவர், நீ சொல்லித்தான் அவருக்குத் தெரிஞ்சது எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறான். அது ஒண்டுதான் அவனிட்டை மிச்சம்.”

எனக்குக் கோபம் வந்தது. “அப்ப நான் அவனுக்கு எதிரியாவே இருக்கிறதோ, அப்பு?” என்று கேட்டேன்.

“ஓம் ராசா,” என்றார். கண் கலங்கியிருந்தது. நான் வீட்டுக்கு வந்து அன்று சாப்பிடவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு அவர் செத்துப் போனார். செத்த வீட்டில் மார்க்கண்டுவின் பெண்சாதி என்னைக் கண்டு, “அந்தியேட்டிக்குக் கீரிமலைக்கு வாங்கோ அண்ணை. உங்களை வரச் சொல்லுறார்,” என்றாள். எனக்கு நம்ப முடியவில்லை. எத்தனையோ வருசத்துக்குப் பிறகு முதல்முறையாக அவனே கூப்பிட்டிருக்கிறான்.

முப்பத்தோராம் நாள் போனேன். அவனை வண்டியில் கொண்டுவந்து, மருமக்கள் தூக்கிக் கடலில் இருத்தினார்கள். இடது கையால் சாம்பலைக் கரைத்தான். இடது கை என்று ஐயர் தடுக்கவில்லை. முடிந்த பிறகு மடத்துச் சுவரோடு தலையணை வைத்து அவனைச் சாய்த்துவிட்டு, எல்லோரையும் விலகச் சொன்னான். நான் பக்கத்தில் குந்தினேன். அந்த இராசகுமாரன் முகத்தில் எலும்புதான் மிச்சமாக இருந்தது.

“உயிரைத் தந்தனீங்கள் எண்டு எல்லாரும் சொல்லினம்,” என்றான். “நன்றி சொல்லத்தான் கூப்பிட்டனான். சொல்ல வாய் வருகுதில்லை.”

“வேண்டாம் மார்க்கண்டு.”

கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அப்பு ஒருநாளும் என்னை ஒரு வார்த்தை கேக்கேல்லை. ஏன்ரா என்னை ஏமாத்தினனீ எண்டு ஒரு வார்த்தை. கேட்டிருந்தா அழுது தீத்திருப்பன்.” பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினான். “உங்களோடை படலையடியிலை கதைக்கிறவர்தானே அண்ணை? என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?”

தம்பிமாரே, கொடிகாமத்து மேடையில் நின்றபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் நான் தப்பிவிடுவேன். தகப்பனுக்கு எப்போதோ தெரியும், நான் ஒன்றையும் கெடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்து நடந்து போகலாம். அவனுக்கு அதற்குப் பிறகு என்ன இருக்கும்? தான் வெல்வான் என்று ஒரு மனிதரும் ஒருநாளும் நம்பியதில்லை என்பது மட்டும்தான் இருக்கும்.

“சொன்னவர்,” என்றேன். “அண்டைக்கு நீ என்னை ரெண்டாந்தரம் பிரட்டேக்கை, என்ரை பொடியனுக்கு உவ்வளவு பலம் எங்கையிருந்து வந்ததெண்டு யோசிச்சவராம். நெஞ்சு நிறைஞ்சு போச்சாம். என்னட்டைக் கனதரம் சொல்லியிருக்கிறார்.”

மார்க்கண்டு அழுதான். அந்த ஒரு கையால் முகத்தைத் துடைக்கத் துடைக்க அழுதான். எனக்கும் அழுகை வந்தது. பழையபடி என் முதுகுக்கு எண்ணெய் தேய்த்த பொடியன் திரும்பி வந்துவிட்டான் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

அழுகை அடங்கியதும் என்னைப் பார்த்தான்.

“அவ்வளவு நம்பின மனிசனுக்கு முன்னாலையோ அண்ணை, என்னை அப்பிடி உடைச்சனீங்கள்?”

பதில் என்னிடம் இருந்தது. நான் சொல்லவில்லை. அவன் மருமக்களைக் கூப்பிட்டு வண்டியில் ஏற்றச் சொன்னான். அதற்குப் பிறகு சாகும்வரை அவன் என்னோடு கதைக்கவில்லை.